சங்கத்துக்கு ஒரு பொதுக் கலண்டர்: எதைத் தெரிவு செய்வது?

புதிய இடத்தில் குடியேறிய ஒரு குடும்பம் சுவரில் முதலாவதாக மாட்டுவது பெரும்பாலும் ஒரு கலண்டராகவே இருக்கும். பசறையிலோ பண்டாரவளையிலோ ஒரு கடைக்காரர் கொடுத்தது. அதில் பேனாவால் வட்டமிட்ட திகதிகளைப் பாருங்கள். பிள்ளையின் தடுப்பூசி, பாட்டியின் கிளினிக், அடகு மீட்கும் நாள், பிரதேச செயலகத்துக்கு வரச்சொன்ன நாள். ஒரு வீட்டுக்கு அந்த வட்டங்கள் போதும். ஆனால் ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்த பின், சங்கத்தின் திகதிகள் யார் வீட்டுச் சுவரில் இருக்கின்றன? அநேகமாகச் செயலாளரின் கொப்பியில். இல்லாவிட்டால் தலைவரின் ஞாபகத்தில்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடியேற்றத்துக்குக் காணி அளக்க நில அளவையாளர் வந்தார். வரும் திகதி செயலாளருக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டிருந்தது. அன்று அவர் காய்ச்சலுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான்கு குடும்பத்தினர் கோவா ஏற்றிக்கொண்டு கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போயிருந்தார்கள். எல்லை காட்ட ஆளில்லாததால் அந்த நான்கு துண்டுகளும் அளக்கப்படவில்லை. அவர் மறுபடி வர ஏழு மாதம் சென்றது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திகதி ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவ்வளவுதான்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியதை ஊவா வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்பது பின்னர் பேசப்பட்டது. ஒரு பொதுக் கலண்டர் இருந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று சொல்வது அநியாயம். போக வேறு காணி இல்லாத சனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் என்ன செய்யும்? நான் இங்கே சொல்ல வருவது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி. மாகல்தெனியாவில் அக்குடும்பங்களுக்கென 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். இடையில் இரண்டு வருடங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் வீடும் தோட்டமும் இழந்த குடும்பங்களுக்கும் இந்தக் காத்திருப்பு புதிதல்ல. பெயர்ப் பதிவு, விசாரணை, மண் பரிசோதனை, காணி காட்டுதல், வங்கிக் கணக்குத் திறத்தல் என்று அந்த நாட்களில் திகதி மேல் திகதி வரும். தவறவிட்ட ஒரு திகதிக்கு மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டி வரும்.

எனவேதான் இணையத்தில் பலரும் ஒரே நேரத்தில் பார்க்கவும் எழுதவும் கூடிய பொதுக் கலண்டர் ஒன்றைப் பற்றிச் சிறு சங்கங்களும் யோசிப்பது நல்லது. இதற்குப் பல மென்பொருள்கள் இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டு வருவோரிடம் நான் முதலில் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். உங்கள் சங்கத்தில் மிகவும் மலிவான தொலைபேசி யாரிடம் இருக்கிறது? கலண்டரின் சாவி யார் பெயரில் இருக்கப் போகிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் மென்பொருளைத் தெரிவு செய்வது அரை மணித்தியால வேலை.

முதலில் திகதிகளை எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிர்வாகக் குழுவினர் ஒரு பெரிய தாளுடன் உட்காருங்கள். கடந்த மூன்று மாதங்களில் சங்கத்துக்கு வந்த எல்லாத் திகதிகளையும் எழுதுங்கள். அலுவலகங்கள் குறித்தவை ஒரு பக்கம்: கிராம உத்தியோகத்தர் வரும் நாள், கமநல சேவை நிலையத்தில் உரம் வழங்கும் நாள், விவசாயப் போதனாசிரியரின் வகுப்பு, நடமாடும் சேவை. நாமே குறித்தவை மறுபக்கம்: மாதக் கூட்டம், சிரமதானம், சீட்டு, மரண உதவிச் சங்கத்தின் சந்தா, தண்ணீர் முறை, கோயில் திருவிழா, பூசை. பயிர்த் திகதிகளையும் மறக்க வேண்டாம். ஒக்டோபரில் தொடங்கும் மழையை நம்பிப் போடும் பயிருக்கு நாற்றுமேடை எப்போது, லொறி பேசுவது எப்போது என்பதெல்லாம் பலர் சேர்ந்து செய்யும்போது பொதுத் திகதிகளே. எல்லோரும் ஒரே கிழமையில் போஞ்சி ஆய்ந்து கொண்டுபோய்ச் சந்தையில் விலை விழுந்த கதை வெலிமடைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எண்ணிப் பார்த்தபோது மாதத்துக்கு ஆறு ஏழு திகதிகள்தான் வருகின்றன என்றால் பிள்ளைமடுவத்துச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். இணையம் வேண்டாம். இதை வெட்கப்படாமல் ஏற்றுக்கொள்ளலாம். முப்பது நாற்பது வந்தால், அதுவும் அடிக்கடி மாறினால், மேலே படியுங்கள்.

யாருடைய தொலைபேசி?

அடுத்து வீடு வீடாகக் கேட்டு ஒரு கணக்கெடுங்கள். எத்தனை வீட்டில் ஸ்மார்ட் போன்? அது பகலில் யாரிடம்? இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒரு நல்ல போன் இருக்கும். அதை மகன் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பான். வீட்டில் மிஞ்சியிருப்பது அம்மாவின் பட்டன் போன். சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர் அந்த அம்மாதான்.

பட்டன் போனுக்கு நினைவூட்டல் போகுமா? முன்னர் கூகுள் கலண்டரிலிருந்து குறுஞ்செய்தியாக நினைவூட்டல் பெற முடிந்தது. 2019 ஜனவரியில் அச்சேவை நிறுத்தப்பட்டது. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து இன்னும் அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; நம்பிவிட வேண்டாம். ஆகவே இணையக் கலண்டர் எதுவானாலும் பட்டன் போன் வீடுகளுக்கு மனிதரே செய்தி கொண்டுபோக வேண்டும். ஸ்மார்ட் போன் உள்ள ஒவ்வொரு வீடும் அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளைப் பொறுப்பெடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். பெரட்டுக்குத் தப்பு அடித்து அழைத்த காலத்திலும் தொங்கல் வீட்டுக்குச் சத்தம் கேட்காவிட்டால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டினார்கள் அல்லவா?

சமிக்ஞை விடயமும் உண்டு. மலையின் ஒரு முகத்தில் நான்கு கோடு காட்டும் போன், மறுமுகத்தில் ஒன்றும் காட்டாது. ஆகவே இணையம் இல்லாத வேளையிலும் ஏற்கனவே இறக்கிய திகதிகளைக் காட்டும் செயலியே நமக்கு வேண்டும். கூகுள் கலண்டர் செயலி அப்படிக் காட்டும். இணையமின்றி எழுதியதையும் வைத்திருந்து, சமிக்ஞை கிடைத்ததும் மேலே அனுப்பிவிடும். எந்தச் செயலியானாலும் தெரிவு செய்யுமுன் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்.

எழுதத் தயங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இலிருந்து இலங்கைத் தமிழையும் சிங்களத்தையும் ஏற்கிறது. "வெள்ளிக்கிழமை பத்து மணி உரம்" என்று சொன்னால் எழுத்தாகிவிடும். சில ஊர்ப் பெயர்களைக் கண்டபடி எழுதும். சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் உள்ள தெரிவுகள்

ஏற்கனவே வட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். செய்தி பரப்ப அது போதும், வைத்திருக்கப் போதாது. செவ்வாய்க்கிழமை போட்ட திகதி வியாழக்கிழமை வரும்போது நாற்பது காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். ஒரு செய்தியைக் குழுவின் மேலே குத்தி வைக்கலாம். அதுவும் ஆகக்கூடியது 30 நாட்களுக்கு. கலண்டரில் எழுதுவதும் வட்ஸ்அப்பில் அறிவிப்பதும் இரண்டும் வேண்டும். ஆனால் எது சரி என்ற சந்தேகம் வந்தால் கலண்டரில் உள்ளதே சரி என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள்.

கூகுள் கலண்டர் 2006இல் வந்தது. ஜிமெயில் கணக்கு இருந்தால் இலவசம். அன்ட்ரொயிட் போன் வைத்திருப்போர் அநேகரிடம் அக்கணக்கு ஏற்கனவே இருக்கிறது. கடைக்காரப் பையன் திறந்து கொடுத்ததாகவும் கடவுச்சொல் தெரியாததாகவும் இருக்கலாம், அது வேறு விடயம். தமிழிலேயே மாற்றிப் பாவிக்கலாம். நமது பெரும்பாலான சங்கங்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

டைம்ட்ரீ என்பது ஜப்பானில் 2015இல் தொடங்கியது. குடும்பங்களுக்கென்று செய்யப்பட்டதால் பார்க்கவும் பழகவும் இலகு. ஒவ்வொரு திகதியின் கீழும் பேசிக்கொள்ள இடமுண்டு. அதன் குறை, எழுதியவற்றை மொத்தமாக வெளியே எடுத்துச் செல்வது கடினம். சோஹோ கலண்டர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பனியினுடையது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதால் நம்மவர் பலருக்கு அதன்மேல் ஒரு பிரியம் இருக்கிறது. மென்பொருளும் நல்லதே. ஆனால் ஐம்பது வீட்டாரும் அதற்கெனப் புதிதாகக் கணக்குத் திறக்க வேண்டும். ஐம்பது கடவுச்சொற்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

நெக்ஸ்ட்கிளவுட் வேறு வகை. 2016இல் ஜெர்மனியில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். நமது திகதிகள் எந்தப் பெரிய கம்பனியிடமும் போகாமல் நாமே வைத்திருக்கும் கணனியில் இருக்கும். கொள்கை அளவில் இதுவே மேலானது. ஆனால் அந்தக் கணனிக்கு மாதாமாதம் வாடகை வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். மறைமாவட்ட நிலையமோ ஒரு தொண்டு நிறுவனமோ அதை நடத்தி, பத்துச் சங்கங்களுக்கு இடம் கொடுத்தால் நல்லது. தனிச் சங்கம் இதில் இறங்குவது வேலியில்லாத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடுவது போல.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் விசாரியுங்கள். நாளை இதை விட்டுப் போக நினைத்தால் நமது திகதிகளை நம்மோடு கொண்டுபோக முடியுமா? 1998இலிருந்தே கலண்டர்களுக்கென்று ஐகலண்டர் என்ற பொது அமைப்பு முறை உண்டு. அந்தக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தால் வேறொரு மென்பொருளில் அதை ஏற்றிவிடலாம். கூகுளில் முடியும், நெக்ஸ்ட்கிளவுட்டில் முடியும். கையில் அகப்பட்டதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிய நமக்கு இதன் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாவி யாரிடம்?

பலர் தடுமாறும் இடம் இதுதான். உற்சாகமுள்ள ஒரு இளைஞர் தன் சொந்த ஜிமெயிலில் கலண்டரை ஆரம்பித்துவிடுவார். அடுத்த வருடம் அவர் கட்டாருக்குப் போய்விடுவார், அல்லது தலைவருடன் மனஸ்தாபம். கலண்டரும் அவரோடு போய்விடும். ஆகவே சங்கத்தின் பெயரிலேயே ஒரு புதிய கணக்குத் திறந்து, அதில் சங்கத்துக்கெனத் தனிக் கலண்டர் ஒன்றை உருவாக்குங்கள். இதைக் கணனியில் செய்வது இலகு. பாடசாலை ஆசிரியர் ஒருவரோ பங்கு அலுவலகமோ ஒரு மணித்தியாலம் உதவினால் போதும்.

கூகுளில் நான்கு படி அதிகாரம் உண்டு. ஓய்வா வேலையா என்பதை மட்டும் பார்ப்பது, முழு விபரமும் பார்ப்பது, திகதிகளை எழுதி மாற்றுவது, எழுதுவதோடு மற்றவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிவது. உறுப்பினர் எல்லோருக்கும் இரண்டாவது. எழுதும் அதிகாரம் நான்கைந்து பேருக்கு, அவர்களில் குறைந்தது இருவர் பெண்கள். நான்காவது அதிகாரம் இருவருக்கு மட்டும். எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுப்பதுதான் ஜனநாயகம் என்று வாதிடுவோர் உண்டு. ஒருநாள் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளை போனில் விளையாடி மாதக் கூட்டத்தை அழித்த பிறகு அந்த வாதம் அடங்கிவிடும். அழிந்ததைச் சுமார் 30 நாட்களுக்குள் குப்பைக்கூடையிலிருந்து மீட்கலாம் என்பது ஆறுதல்.

கணக்குத் திறக்கும்போது இரண்டாம் கட்டப் பாதுகாப்பை இயக்கினால் ஒரு இலக்கம் ஒருவரின் போனுக்கு வரும். அந்தப் போன் தொலைந்தால் சங்கமே வெளியில் நிற்கும். இதற்காகவே கூகுள் பத்து மாற்று இலக்கங்களைத் தருகிறது. அவற்றைத் தாளில் எழுதிக் கடவுச்சொல்லுடன் உறையிலிட்டு, வங்கிப் புத்தகம் இருக்கும் பெட்டியில் பொருளாளரிடம் வையுங்கள். இரண்டு வருடம் யாருமே திறக்காத கணக்கை அழித்துவிடும் விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகம், முத்திரையுடன் இந்த உறையையும் கையளித்து, கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும்.

"பொதுவில் காட்டு" என்றொரு தெரிவு வரும். அதை அழுத்தினால் உங்கள் கலண்டர் உலகத்துக்கே திறந்துவிடும். அதைத் தொடாதீர்கள். தொடாவிட்டாலும் ஐம்பது வீட்டார் பார்க்கும் இடம் அது. இன்னாரின் கிளினிக், இன்னாரின் கடன் தவணை, இன்னாரின் குடும்பப் பிணக்கு விசாரணை என்று பெயர் போட்டு எழுதக் கூடாது. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டைப் பற்றிய எதையும் எழுதக் கூடாது.

எழுதும் முறை

"கூட்டம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. "காணி அளவை, மேல் வரிசை 1 முதல் 20 வரை, அடையாள அட்டையும் பிரதியும் கொண்டுவரவும்" என்று எழுதுங்கள். உறுதியாகாத திகதிக்கு முன் கேள்விக்குறி இடுங்கள். கடிதம் மூலம் வந்ததா, தொலைபேசியிலா, யார் சொன்னது என்பதைக் குறிப்பில் சேர்த்தால் பின்னர் அலுவலகத்தில் பேசும்போது கைகொடுக்கும்.

நினைவூட்டல் பற்றி ஒரு எச்சரிக்கை. பகிர்ந்த கலண்டரில் செயலாளர் தன் போனில் வைத்த நினைவூட்டல் மற்றவர்களின் போனில் ஒலிக்காது. ஒவ்வொருவரும் தத்தமது போனில் அதை இயக்க வேண்டும். இது தெரியாமல் "கலண்டர் போட்டோம், யாரும் வரவில்லை" என்று கைவிட்ட சங்கங்கள் உண்டு. முதற் கூட்டத்திலேயே எல்லாப் போன்களையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் செய்துவிடுங்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பது போன்றவற்றை ஒருமுறை எழுதினால் தானாகத் திரும்பத் திரும்ப வரும். போயா அப்படி வராது; அது சந்திரனைப் பின்பற்றுவது. இலங்கை விடுமுறை நாட்கள் என்ற கலண்டரைச் சேர்த்துக்கொண்டால் போயா தினங்கள் தெரியும்; அலுவலகம் மூடிய நாளில் பதுளைக்குப் பஸ் ஏறும் செலவு மிஞ்சும். ஆனாலும் அரசாங்கப் பட்டியலுடன் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

நேரமும் ஏமாற்றும். குவைத்தில் வேலை செய்யும் மகள் அங்கிருந்தபடி 9 மணி என்று எழுதினால் இங்கே அது 11.30 என்று காட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும், எழுத வேண்டாம். 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பிய வரைக்கும் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல.

மாதத்தின் கடைசி நாளில் அடுத்த மாதத்தை அச்சிட்டுப் பிள்ளைமடுவத்திலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டுங்கள். அச்சு வசதி இல்லாவிட்டால் பாடசாலைப் பிள்ளை ஒன்று பெரிய எழுத்தில் எழுதட்டும். டித்வா நாட்களில் மின்சாரமும் தொலைபேசியும் போனபோது சுவரில் இருந்ததைத்தான் வாசிக்க முடிந்தது.

மழை நாட்கள்

கலண்டர் மண்சரிவு எச்சரிக்கை அல்ல. எச்சரிக்கைக்கு வானொலி, கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் ஆகியவை இருக்கின்றன. "கலண்டரில் ஒன்றும் இல்லையே" என்று இரவில் படுத்திருக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

எனினும் எச்சரிக்கை வேலைக்கு ஆள் முறை போட கலண்டரை விடச் சிறந்த கருவி இல்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல் என்பது மண்சரிவுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும். மழைமானி ஒன்று உங்கள் குடியேற்றத்தில் இருந்தால், அதை யார் எந்த நாள் வாசிப்பது? எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். காலை 8.30க்கு ஒருவர், இரவில் மழை பிடித்தால் இன்னொருவர் என்று இரு பெயர்களை ஒவ்வொரு நாளுக்கும் கலண்டரில் எழுதலாம். காலையில் வாசித்தவர் அந்த அளவை அதே இடத்தில் குறித்துவிடுவார். இரவு முறைக்கு வயதானவரையும் கைக்குழந்தைக்காரியையும் போடாதீர்கள். முறை மாற்றிக்கொள்ள விரும்பினால் முதலில் கலண்டரில் மாற்றிவிட்டுப் பிறகு வட்ஸ்அப்பில் சொல்லட்டும்.

இவ்வளவையும் பழக ஒரு மாதப் பரீட்சை வேண்டும். ஊவாவில் வெயில் காயும் ஓகஸ்ட் அதற்கு ஏற்றது. வேலையும் சற்றுக் குறைவு. அந்த மாதம் கொப்பியையும் நிறுத்தாமல் இரண்டிலும் எழுதுங்கள். மாத முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எத்தனை திகதி ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டது, எத்தனை வீட்டுக்குச் செய்தி போகவில்லை என்று பாருங்கள். செய்தி போகாத வீடுகளுக்கு நேரில் போய் ஏன் என்று கேளுங்கள். செப்டெம்பரில் அதைத் திருத்தி, ஒக்டோபர் முதலாம் திகதிக்கு மழைமானி முறையின் முதல் இரண்டு பெயர்களை எழுதிவிடுங்கள்.